மொரப்பூரில் ரயில் ஏறுவதற்கு முன்: கூடைப்பந்து ஆடியவர் சின்னத்திரை நடிகராவது எப்படி

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, பாலக்கோடு பஸ் நிலையத்தில் ஒரு பையன் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், தோளில் பந்துப் பை, முழங்காலில் மண் களத்தில் உரசிய காயம். "அண்ணா, நான் காலேஜ் டீமில் பேஸ்கட்பால் ஆடுகிறேன். சீரியலில் நடிக்க ஆசை. என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். அவனுடைய பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. சொல்ல முடிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று மனது உறுத்தியது. அவனுக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பந்து தட்டிக்கொண்டிருக்கும் மற்ற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

யார் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். 2008 முதல் 2011 வரை பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் ஒரு கல்லூரிக்காக, வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடும் சென்டர் இடத்தில் ஆடினேன். உயரம் 188 சென்டிமீட்டர். 2013-இல் சென்னைக்குப் போனேன். நாயகியின் அண்ணன், ஊர்த் தலைவரின் மகன், போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று இதுவரை எட்டுத் தொடர்களில் நடித்திருக்கிறேன். நாயகன் வேடம் அமையவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

விளையாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் உடம்பைக் காட்டித்தான் வேடம் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். உடம்பு வாசல் வரை கூட்டிப்போகும். உள்ளே எனக்குச் சோறு போட்டதெல்லாம் களத்தில் என்னை அறியாமல் படிந்த சின்னச் சின்னப் பழக்கங்கள். அவை எவை, அவற்றை எப்படி மாற்றிப் பழகுவது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

உயரத்தை என்ன செய்வது

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் மேலே இருக்கிறது. அதன் கீழே நிற்கும்போது, இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கலாமே என்றுதான் தோன்றும். படப்பிடிப்பில் நிலைமை வேறு. தொடரில் பாதிக் காட்சிகள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுவதுதான். ஒருவர் தலை மேலே முட்ட, இன்னொருவருடைய நெற்றி மட்டும் கீழே தெரிந்தால் ஒளிப்பதிவாளர் திண்டாடிப்போவார். என் இரண்டாவது தொடரில் நாயகியின் அண்ணன் வேடம். 12 நாள் நடித்தேன். அடுத்த அழைப்பு வரவேயில்லை. நாயகியின் பக்கத்தில் நின்றால் பொருந்தவில்லை என்று முடிவெடுத்து, அண்ணன் வெளிநாடு போய்விட்டதாகக் கதையை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு உதவி இயக்குநர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று இரவு அறைக்குள் போக மனமில்லாமல் மொட்டை மாடியிலேயே படுத்துக்கிடந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மூத்த நடிகர் சொல்லிக்கொடுத்தது இது. இடுப்புக்கு மேலே மட்டும் படமாகும் காட்சியில் கால்களை நன்றாக அகட்டி நில்லுங்கள். நான்கைந்து அங்குலம் தாராளமாகக் குறையும். டிஃபென்ஸில் இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறோமே, அதே தொடை வலுதான் இதற்கும் வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அந்தச் சிரமம் முகத்தில் ஏறாமல் இரண்டு பக்க வசனம் பேசியாக வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, தங்கையின் கண் மட்டத்துக்கு உங்கள் கண்ணை இறக்கி, மூன்று நிமிடம் பேசிப் பழகுங்கள். முதல் வாரம் தொடை நடுங்கும். எதிரில் நிற்பவருக்கு உயரம் போதவில்லை என்றால் ஆப்பிள் பாக்ஸ் என்று ஒரு மரப்பெட்டியைப் போடுவார்கள். கேட்பதற்கு அவர் கூச்சப்பட்டால் நீங்களே கேளுங்கள்.

கூன் மட்டும் போடாதீர்கள். நம் பக்கம் உயரமான பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக, பள்ளிக்கூடத்திலேயே தோளை முன்னால் இழுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். முகத்தை நெருக்கத்தில் எடுக்கும்போது அந்தத் தோள் பயமாகத் தெரியும்.

மார்க்

என் முதல் நாள் முதல் காட்சியைச் சொல்கிறேன். வளசரவாக்கத்தில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு வீடு. மாடிப்படியில் இறங்கி வந்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, அவர் வந்துவிட்டார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பெயர் மார்க். ஃபோகஸும் விளக்கும் அந்த இடத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். அரை அடி தள்ளி நின்றால் முகம் கலங்கும், இல்லையென்றால் பாதி முகத்தில் நிழல் விழும். நான் ஒவ்வொரு முறையும் நாடா எங்கே என்று குனிந்து பார்த்தேன். நான்கு முறை கட். அம்மாவாக நடித்த அம்மையார் நான்கு முறையும் அதே புன்னகையோடு திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது மடல் சுட்டது.

ஐந்தாவது முறை படியேறும்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் நினைவுக்கு வந்தார். கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் பந்தை எறிய நிற்கும் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் அடி வரை நடக்கச் சொல்வார். பலகையிலிருந்து அந்தக் கோடு 4.6 மீட்டர். "கண் பந்துக்கு, கால் தரைக்கு" என்பார். களத்தில் எந்தச் சென்டரும் கோட்டைக் குனிந்து பார்த்து நிற்பதில்லை, எங்கே இருக்கிறோம் என்று காலுக்குத் தெரியும். அதைத்தான் நான் சென்னையில் மறந்திருந்தேன். உதவி இயக்குநரிடம் அனுமதி கேட்டு, மார்க்கின் மேல் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே படிவரை போனேன். ஏழு காலடி, அதற்கு மேல் நான்கு படி. வலது காலில் தொடங்கினால் வலது காலில் முடியும். திரும்பி இறங்கி வந்தேன். நின்றேன். நாற்காலியின் முதுகு என் இடது தொடையைத் தொட்டது. வசனம் சொன்னேன். ஓகே என்றார்கள்.

இதை நீங்கள் நாளைக்கே உங்கள் களத்தில் பழகலாம். ஒரு சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போய், அதே எண்ணிக்கையில், அதே காலில் வந்து நில்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கையில் தண்ணீர்ச் சொம்போடு. பிறகு நண்பனிடம் ஏதாவது பேசிக்கொண்டே. வேகத்தை மாற்றினால் காலடியின் நீளம் மாறிவிடும், அதனால் கோபமாக நடந்துவரும் காட்சிக்கும் சோகமாக வரும் காட்சிக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

பிவட்டும் அப்படியே உதவும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்புவது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொடரில் யாராவது அதிர்ச்சியான செய்தி சொன்னால் நடிகர் திரும்பிப் பார்ப்பார், அதை மூன்று கோணத்தில் எடுப்பார்கள். புதியவர்கள் உடம்போடு சேர்ந்து நகர்ந்து விளக்கை விட்டு வெளியே போய்விடுவார்கள். ஊன்றிய கால் நகராமல், இடுப்பு முதலில், தோள் பிறகு, முகம் கடைசியில் என்று திரும்பிப் பாருங்கள். பந்தோடு கால் நகர்ந்தால் ஊதும் ட்ராவலிங் விசிலை அடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாலே கால் நிற்கும்.

ஓரக்கோட்டிலிருந்து வரும் குரல்

பல தொடர்களில் வசனத்தை முதல் நாளே கொடுக்க மாட்டார்கள். காட்சி எழுதிய தாள் சில நாள் மேக்கப் முடிந்த பிறகுதான் வந்து சேரும். அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகக் காட்சி வேண்டும், அதைப் பெரும்பாலும் ஒரே நாளில் எடுத்து முடிக்கிறார்கள். ஆகவே ப்ராம்ப்டிங். கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அது காதில் விழ விழ, எதிரில் இருப்பவரைப் பார்த்தபடியே நீங்கள் உணர்ச்சியோடு பேச வேண்டும். நாடகத்திலிருந்து வந்த நல்ல நடிகர்களே முதலில் இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாம் நாளே கைவந்தது. காரணம் எளிது. பந்தைத் தட்டிக்கொண்டு, எதிராளியின் இடுப்பில் கண் வைத்துக்கொண்டு, பந்தை எறிய அணிக்கு இருக்கும் 24 விநாடிக்குள் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு, ஓரக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளர் கத்துவதையும் கேட்கத்தானே நாம் பழகியிருக்கிறோம்?

என்றாலும் பயிற்சி வேண்டும். வீட்டில் தம்பியோ தங்கையோ செய்தித்தாளைப் படிக்கட்டும். நீங்கள் அரை விநாடி பின்னால் அதே வரியைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். கைக்கு வேலை கொடுங்கள். நான் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டே பழகினேன். கை நின்றால் தோற்றதாகக் கணக்கு. பத்து நாளில் காதும் வாயும் தனித்தனியாக வேலை செய்யத் தொடங்கும்.

காத்திருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை 7 மணிக்கு வரச் சொல்வார்கள், உங்கள் முதல் காட்சி பிற்பகல் 3 மணிக்கு வரும். மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல மாற்று ஆட்டக்காரர் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்று கேட்டால் உடனே சொல்வார். அப்படியே இருங்கள். எந்த நடிகர் எந்தக் கையில் டம்ளரை எடுத்தார், துண்டு எந்தத் தோளில் இருந்தது என்று பார்த்து வையுங்கள். இதைக் கன்டினியூட்டி என்பார்கள், இதைக் கவனிப்பதற்கு ஆள் இருப்பார், இருந்தாலும் உங்கள் கையும் உங்கள் துண்டும் உங்கள் பொறுப்பு. கைப்பேசியில் மூழ்கிக்கிடந்தவரை அடுத்த தொடருக்குக் கூப்பிட மாட்டார்கள்.

களத்தோடு விட்டுவிட வேண்டியவை

பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போகும். படப்பிடிப்பில் எல்லோரும் கேமராவைச் சுற்றியே நிற்பதால், கண் தானாக அதைத் தேடும். அதை அடக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. எதிரில் நிற்பவரின் ஒரு கண்ணை மட்டும், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை, பார்த்துப் பேசுங்கள். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் நெருக்கத்தில் உங்கள் விழி ஆடுவது தெரியும்.

அவசரமும் வேண்டாம். ஒருவர் பேசி முடித்ததும் பதில் சொல்ல நாம் பாய்ந்துவிடுகிறோம். படத்தொகுப்பாளருக்கு ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். நடுவரிடம் கையை விரித்துச் சண்டை போடும் பழக்கம் இருந்தால் அதையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இயக்குநர் ஒன் மோர் என்றால் ஏன் என்று கேட்காமல் இன்னொரு முறை செய்யுங்கள்.

ஃப்ரீ த்ரோவை மட்டும் விடாதீர்கள். பந்து கைக்கு வந்த பிறகு 5 விநாடி இருக்கிறது. இரண்டு முறை தட்டு, ஒரு நீண்ட மூச்சு வெளியே, பிறகு கண் வளையத்தில். கூட்டம் முழுக்கக் கத்தினாலும் அந்த 5 விநாடி நம்முடையது. ஆக்‌ஷன் என்ற சொல்லுக்கு முன்னால் இன்றும் நான் கட்டைவிரலால் சுட்டுவிரலை இரண்டு முறை தட்டி, மூச்சை விடுகிறேன்.

கூத்து வாத்தியாரிடம் போங்கள்

நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு பள்ளிக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் நடக்கும் பாரதக் கூத்தைத்தான் சொல்கிறேன். ராத்திரி முழுக்க ஆடி, கடைசி நாள் காலையில் மண்ணில் படுத்துக்கிடக்கும் துரியோதனனின் பெரிய உருவத்தின் மேல் வீமன் ஏறி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எங்கள் அப்பா இன்னொரு வீமனையும் சொல்வார். 1988-இல் தூர்தர்ஷனில் மகாபாரதம் தொடங்கியபோது ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊரே உட்காருமாம். ஒருவருக்கும் இந்தி தெரியாது, கதை எல்லோருக்கும் தெரியும். அதில் வீமனாக நடித்த பிரவீன் குமார் சோப்தி வட்டு எறிதலில் 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றவர், இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போய் வந்தவர். விளையாட்டு வீரர் சின்னத்திரைக்கு வருவது புதிய வழி இல்லை என்று வீட்டில் வாதாட எனக்கு அந்த ஒரு பெயர் பெரிய துணையாக இருந்தது.

சென்னைக்குப் போவதற்கு முந்தைய ஆண்டு முழுக்க நான் பக்கத்து ஊர் கூத்து வாத்தியார் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தேன். வயது எழுபதுக்கு மேல். மேடையேறும் நாளில் மாலையிலிருந்தே கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அரிதாரத்தை உள்ளங்கையில் குழைத்து, நெற்றியிலிருந்து கீழே இழுத்து, முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறும் வரை வாயைத் திறக்க மாட்டார். வேடத்துக்கான மரக்கட்டை அணிகளைத் தோளில் கட்டிவிடும்போது மட்டும், "இன்னும் இறுக்கு" என்பார்.

அவர் கொடுத்த பயிற்சி ஒன்றை இன்றும் நான் விடவில்லை. ஒரு வரி கொடுத்தார்: "என் மண்ணில் கால் வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?" முதலில், கடைசி வரிசையில் கோணிச்சாக்கை விரித்துத் தூங்குகிறவர் எழுந்து உட்காரும்படி சொல்லச் சொன்னார். சொன்னேன். அடிவயிற்றிலிருந்து எடுக்கவில்லை என்று இருபது முறை சொல்ல வைத்தார். தொண்டை கட்டிப்போனது. மறுநாள் அதே வரி. "இப்போது உன் மடியில் பச்சைக் குழந்தை தூங்குகிறது. குழந்தை எழக்கூடாது. கோபம் ஒரு பிடிகூடக் குறையக்கூடாது" என்றார். சத்தத்தைக் குறைத்ததும் கோபமும் கூடவே இறங்கிப்போயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள் என் கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வந்துவிட்டது" என்றார். கூத்து மேடையைத் தவிர எதிலும் நடித்திராத அந்தப் பெரியவர் எனக்குக் கொடுத்தது, கேமரா முகத்துக்கு மிக அருகில் வரும்போது எப்படிப் பேசுவது என்ற பாடம். இதை எந்த வசனத்தோடும் நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் கழுத்தைத் தொட்டுச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கூத்து வாத்தியாரை விட்டால் அதற்கு ஆள் கிடையாது என்பதால்தான் நேரில் போகச் சொல்கிறேன். வெறுங்கையோடு போகாதீர்கள், வெற்றிலை பாக்கு, பழம், முடிந்த தட்சிணை வைத்து வணங்கிவிட்டு உட்காருங்கள்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. ஓசூர், தேன்கனிக்கோட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அது குறையே இல்லை, இரண்டு மொழி நாக்குக்கு இன்னொரு மொழித் தொடரிலும் வேலை கிடைக்கும். ஆனால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் குழைந்தால் குரல் சோதனையிலேயே அனுப்பிவிடுவார்கள். ஔவையார் அதியமானைப் பாடிய பாடல்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் ஊர்த் தலைவனைப் பற்றிய பாடல்கள். தினமும் காலையில் ஒன்றைச் சத்தம் போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துப் படியுங்கள். நான்கு மாதத்தில் நாக்கு எழுத்துகளைப் பிரித்துச் சொல்லும்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வராதீர்கள். அமெரிக்க நடிகர் மஹெர்ஷலா அலி கலிஃபோர்னியாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரிக்குக் கூடைப்பந்து உதவித்தொகையில்தான் போனார். 1996-இல் பட்டம் பெற்றார். பிறகும் நேராகக் கேமரா முன்னால் போய் நிற்கவில்லை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடிப்புக்கென்று முதுகலை படித்து 2000-இல் முடித்தார். அதன் பிறகுதான் தொலைக்காட்சித் தொடர்கள், பல ஆண்டுகள் கழித்து இரண்டு ஆஸ்கர் விருதுகள். அவ்வளவு ஆட்டம் ஆடியவரே உட்கார்ந்து படித்திருக்கிறார். சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்கள் இருக்கின்றன. முதலில் போய் ஒரு நாடகம் பாருங்கள். பிறகு பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

சென்னையில் முதல் ஆறு மாதம்

இரவு மொரப்பூரில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் சென்னை. கையில் ஆறு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் இல்லாமல் அந்த ரயிலில் ஏறாதீர்கள். நான் மூன்று மாதப் பணத்தோடு போனேன், நான்காவது மாதம் அம்மா தக்காளி விற்ற பணத்தை அனுப்பினார்கள். அந்த வருடம் தக்காளிக்கு விலையே இல்லை. அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் அறை பாருங்கள், தொடர் வேலைகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். கூடவே ஒரு வேலை வேண்டும். நான் ஒரு பள்ளியில் மாலை நேரக் கூடைப்பந்துப் பயிற்சி கொடுத்தேன். பகல் முழுக்கத் தேடுவதற்கு நேரம் கிடைத்தது, மாலையில் பந்தும் கைவிட்டுப் போகவில்லை.

புகைப்படத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். வெயில் சாய்ந்த மாலையில், வெள்ளைச் சுவர் முன்னால், நண்பனின் கைப்பேசியில் எடுத்தால் போதும்: நேர்முகம், பக்கமுகம், முழு உருவம். ஒன்று வேட்டி சட்டையில், ஒன்று பேன்ட் சட்டையில். பெண்கள் ஒன்று புடவையில். ஜெர்சி போட்ட படத்தை முதல் படமாக அனுப்பாதீர்கள், பார்ப்பவர் உங்களை ஒரு வீட்டின் பிள்ளையாக நினைத்துப் பார்க்க வேண்டும். அறிமுகக் காணொளி ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். பிறகு 30 விநாடி நடிப்பு. உயரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள், நேரில் போனதும் தெரிந்துவிடும்.

இப்போது சொல்வதைப் பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள். வேடம் தருகிறவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், காப்புத்தொகை, சங்க அட்டைக்கு முன்பணம், உடைக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் ஒருவர் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெரிய தொடரில் இரண்டாவது நாயகன் என்றார். அலுவலகம் இருந்தது, சுவர் நிறையப் படங்கள் இருந்தன, காபி கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது கதவில் வாடகைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பணம் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்கியது. வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. உங்களுக்கு அப்படி நடந்துவிட்டால் அன்றே வீட்டில் சொல்லுங்கள், அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். தங்கைகள் ஆடிஷனுக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட ஆள் வரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

நல்ல நிறுவனத்தில் வாய்ப்பு வந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு, பயணப்படி உண்டா, பணம் எப்போது கைக்கு வரும் என்ற மூன்றையும் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பணிவாக, ஆனால் கூசாமல் கேளுங்கள். என் முதல் நாள் சம்பளம் 1,500 ரூபாய். கைக்கு வர இரண்டு மாதமானது. தேதி, தொடர், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சின்னத்திரை நடிகர் சங்கத்துக்குப் போய் உறுப்பினராவது பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் விளக்குச் சூட்டில் நின்றுவிட்டு, கடைசிக் காட்சியில் அழ வேண்டியிருக்கும். அப்போது நிற்கக் கால் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓடுங்கள், முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரவுப் படப்பிடிப்புக்கு அடுத்த நாள் எடை தூக்காதீர்கள்.

பஸ் நிலையத்தில் பார்த்த தம்பிக்கு: சித்திரைத் திருவிழாவுக்கு நான் ஊரில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு வா. ஷூ போட்டு வா, ஏதாவது ஒரு காட்சியை இரண்டு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு வா, கண்ணைக் கட்ட ஒரு துண்டும் எடுத்து வா. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து தொடங்கலாம்.